களத்தில் ஐந்து குவியல்

எங்கள் பக்கம் ஆப்கானிஸ்தான் பேச்சை எடுத்தால் இரண்டு தீர்ப்பு தயாராக இருக்கும். "கம்யூனிஸ்ட்டுக சாமி விசயத்துல கை வெச்சானுக, ஊரே திரும்பிருச்சு, அவ்வளவுதானுங்க" என்பது ஒன்று. "அமெரிக்காக்காரன் துப்பாக்கி குடுக்காம இருந்திருந்தா இன்னைக்கு அந்தூருப் பொம்பளப் புள்ளைங்கெல்லாம் காலேஜ் போயிட்டிருக்குமுங்க" என்பது இன்னொன்று. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் மறுபடி தாலிபான் கைக்குப் போனதிலிருந்து இரண்டு தரப்பும் இன்னும் இறுகிவிட்டன. இரண்டிலும் உண்மை உண்டு. மதம் அங்கே பெரிய சக்தி என்பதில் சந்தேகமே இல்லை. அமெரிக்க அதிபர் கார்ட்டர் 1979 ஜூலை 3 அன்றே, சோவியத் படை உள்ளே நுழைய ஏறக்குறைய ஆறு மாதம் இருக்கும்போதே, கிளர்ச்சிக்காரர்களுக்கான ரகசிய உதவிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதும் பதிவில் இருக்கிறது. ஆனால் கிராமங்கள் அதற்கும் முன்பே எரியத் தொடங்கியிருந்தன. அந்தத் தீயை எது பற்றவைத்தது என்று தேடி 1978-ல் ஆட்சியைப் பிடித்த ஆப்கன் கம்யூனிஸ்ட்டுகளின் அரசாணைகளை வரிசையாகப் படித்தால் ஒரு கேள்வி தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. கிணற்றுப் பங்குக்காக அண்ணன் தம்பி கோர்ட் ஏறுகிற ஊர்க்காரர்களுக்கு அது முதலில் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. நிலத்தைக் கொடுத்தார்கள், சரி. தண்ணியை யார் கொடுத்தது?

காடு, தோட்டம், வயல்

கொங்கு நாட்டில் வெறுமனே "நிலம்" என்று யாரும் சொல்வதில்லை. மழையை நம்பினால் காடு. கிணறு இருந்தால் தோட்டம். வாய்க்கால் பாய்ந்தால் வயல். ஒரே வரப்புக்கு இந்தப் பக்கம் காடும் அந்தப் பக்கம் தோட்டமும் இருக்கும், மண் ஒன்றேதான். விலை வேறு, பயிர் வேறு, சொசைட்டியில் கிடைக்கும் கடன் வேறு, அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கிறவர்கள் யோசிக்கிற யோசனையும் வேறு. ஒரு பாகப் பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லையும் விஸ்தீரணமும் சொல்லி முடித்த பிறகுதான் உயிரான வரி வரும்: "மேற்படி பூமியில் உள்ள கிணற்றில் நாலில் ஒரு பொதுப் பாகமும், அதில் பொருத்தியுள்ள மின்சார மோட்டார் பம்புசெட்டில் நாலில் ஒரு பாகமும், தண்ணீர் கொண்டு போகும் வாய்க்கால் பாத்தியமும், ஆள், கால்நடை, வண்டி போக வர மாமூல் தட பாத்தியமும் சேர்ந்து." இந்த வரியில் ஒரு சொல் விட்டுப்போனாலும் போச்சு. வாய்க்கால் பாத்தியம் எழுதாமல் விட்டால், கிணற்றில் பங்கு இருந்தும் தண்ணியை உங்கள் பாத்திக்குக் கொண்டுவரப் பக்கத்துக்காரர் விட மாட்டார். தட பாத்தியம் இல்லாவிட்டால் டிராக்டர் உள்ளே போகாது. மின் இணைப்பு பெரியவர் பெயரிலேயே கிடந்து, அவர் காலமாகி, வாரிசுகளுக்குள் மனம் கோணிவிட்டால், கம்பிச்சுருள் எரிந்த மோட்டாரை யார் சரிபண்ணுவது, தூர் வாரும் செலவை யார் போடுவது, கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளை (சைடு போர்) போட யார் சம்மதிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் பஞ்சாயத்துத்தான். முறை வைத்துப் பாய்ச்சுவதிலும் கணக்கு இருக்கிறது. நாள் முறையா, மணி முறையா? மும்முனை மின்சாரம் ராத்திரி வந்தால் யார் முறை? இந்தக் கணக்கு எதுவும் அரசாங்கத்தின் எந்தப் பதிவேட்டிலும் முழுசாக இல்லை. பங்காளிகள் தலைக்குள் இருக்கிறது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம், ஆப்கன் கிராமத்தின் கணக்கும் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

கோதுமைக் களம்

ஆப்கானிஸ்தானில் பாசனம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, பனி உருகி வரும் ஆற்றிலிருந்து வெட்டிய வாய்க்கால். இன்னொன்று காரீஸ். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் இருக்கும் இடத்தில் தாய்க்கிணறு வெட்டி, அங்கிருந்து ஊர் வரைக்கும் பூமிக்கு அடியில் மிக லேசான சரிவோடு சுரங்கம் தோண்டி, மோட்டாரோ மாடோ இல்லாமல் தண்ணியைத் தானாக வெளியே ஓடவிடும் வேலை. சுரங்கத்தின் மேலே வரிசையாக ஆள் இறங்கும் குழிகள் இருக்கும், மண்ணை வெளியே எடுக்கவும் காற்று போகவும். சரிவு கூடினால் தண்ணி சுவரை அரித்துச் சுரங்கம் இடியும். குறைந்தால் வண்டல் தங்கி அடைக்கும். அதனால் வருசா வருசம் உள்ளே இறங்கித் தூர் எடுத்தாக வேண்டும். யார் எத்தனை ஆள் அனுப்புவது என்பது தண்ணிப் பங்கின்படி. முறையை விடுவது மிராப் என்கிற நீர்க் காரியக்காரர். ஊர் தேர்ந்தெடுக்கும், அறுவடையில் கோதுமையாகக் கூலி கொடுக்கும். தலைமடை கடைமடைச் சண்டை அவர் முன்னால்தான் தீரும்.

விளைச்சல் பங்கு பிரிவதைக் களத்தில் நின்று பார்த்தால் எல்லாம் புரியும். பழைய பங்குக் கணக்கு ஐந்து கூறு: நிலத்துக்கு ஒன்று, தண்ணிக்கு ஒன்று, விதைக்கு ஒன்று, உழவு மாட்டுக்கு ஒன்று, உழைப்புக்கு ஒன்று. தூற்றி முடித்த கோதுமையை ஐந்து குவியலாக்கி, எதெதை யார் போட்டாரோ அவர் அந்தந்தக் குவியலை எடுத்துக்கொள்வார். கையை மட்டும் கொண்டுவந்தவனுக்கு ஒரு குவியல். மாடும் விதையும் அவனுடையது என்றால் மூன்று. ஊருக்கு ஊர் இது கூடும், குறையும். அடிப்படை இதுதான். கொடுமையான கணக்கு, அதில் மறுப்பே இல்லை. வருசமெல்லாம் உழைத்தவன் ஐந்தில் ஒன்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து ரத்தம் கொதிக்காதவன் மனுசனா? காபூலில் ஆட்சியைப் பிடித்த இளைஞர்களுக்கும் கொதித்தது. அந்தக் கோபம் நியாயமானது என்பதை நான் ஒரு வரியிலும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் கை வைத்தது ஐந்தில் ஒரே ஒரு குவியலில்.

ஆறும் எட்டும்

1978 ஏப்ரல் 27. ராணுவத்தில் இருந்த கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் டாங்கிகளோடு காபூலில் இறங்கினார்கள். அதிபர் தாவூத் கானும் அவர் குடும்பமும் கொல்லப்பட்டார்கள். நூர் முகமது தராக்கி தலைவர், ஹஃபிசுல்லா அமீன் அவருக்கு அடுத்த பலம். மக்கள் ஜனநாயகக் கட்சி என்ற பெயரில் 1965-ல் தொடங்கிய கட்சி அது. கல்க், பர்ச்சம் என்று இரண்டு பிரிவு, இரண்டுக்கும் ஜென்மப் பகை. ஆசிரியர்கள், அதிகாரிகள், மாணவர்கள்தான் பலம். ஆட்சிக்கு வந்த மூன்று மாதத்துக்குள் 6-ஆம் ஆணை: சிறு விவசாயிகளின் பழைய அடமானக் கடன்களும் வட்டியும் ரத்து. அக்டோபரில் 7-ஆம் ஆணை: பெண்ணுக்காக மாப்பிள்ளை வீடு கொடுக்கும் பணத்துக்கு 300 ஆப்கானி உச்சவரம்பு, திருமண வயது பெண்ணுக்கு 16, ஆணுக்கு 18. நவம்பர் கடைசியில் 8-ஆம் ஆணை: குடும்பத்துக்கு முதல் தர நிலம் 30 ஜெரிப்தான், மீதி நட்டஈடு இல்லாமல் பறிமுதல், நிலமற்றவருக்கு 5 ஜெரிப்.

ஒரு ஜெரிப் என்பது ஏறக்குறைய அரை ஏக்கர். ஆக உச்சவரம்பு சுமார் 15 ஏக்கர். இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ்நாட்டில் 1961 சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வைத்து, 1970-ல் அதைக் குறைத்ததும் இதே 15-க்குத்தான். இங்கே தீர்வைக்குத் தகுந்தபடி சில ஏக்கர் புஞ்சை சேர்ந்து ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர் ஆகும், அங்கே நிலத் தரத்துக்குத் தகுந்தபடி ஜெரிப் கூடும். கருத்து ஒன்றே. இங்கே யாரும் மலையேறித் துப்பாக்கி எடுக்கவில்லை. நம் சட்டத்தில் ஓட்டைகள் ஏராளம், பினாமி பெயரில் எழுதித் தப்பித்தவர்கள் ஏராளம், அதனால்தான் இங்கே அமைதி என்று ஒருவர் சொன்னால் பாதி ஒத்துக்கொள்வேன். மீதிப் பாதி, அங்கே என்ன வரிசையில் செய்தார்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் கடனை எடுத்துக்கொள்வோம். கெரவ் என்று அங்கே சொல்வது நம்முடைய போக்கியமேதான். பணம் வாங்கியவன் நிலத்தைக் கொடுத்துவிடுவான், கடன் தீரும்வரை விளைச்சல் முழுக்கப் பணம் கொடுத்தவனுக்கு. இதை ஒரே நாளில் ரத்து செய்தால் பழைய கடன்காரனுக்குச் சந்தோசம்தான். ஆனால் அடுத்த விதைப்புக்கு, மகள் கல்யாணத்துக்கு, மாடு செத்தால் இன்னொரு மாடு பிடிக்க யார் கொடுப்பார்? 1938-ல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தபோது கடனை அழிக்கவில்லை, வட்டியை வெட்டிக் குறைத்தார்கள். பக்கத்திலேயே கூட்டுறவுச் சங்கம் என்று ஒன்று, நல்லதோ கெட்டதோ, வளர்ந்துகொண்டிருந்தது. ஆப்கன் கிராமத்தில் வட்டிக்காரன் கதவைச் சாத்தினான், அரசாங்கத்தின் கதவு இன்னும் கட்டவே படவில்லை. அந்த ஒத்திக்காரனும் பல இடங்களில் பெரிய ஜமீன் இல்லை. இரண்டு ஆட்டை விற்றுப் பணம் கொடுத்திருந்த பக்கத்து வீட்டுக்காரன்.

அடுத்தது பதிவேடு. உழவரிடமே அரசாங்கம் நேராகத் தீர்வை வாங்கும் சென்னை மாகாணத்தின் ரயத்துவாரி முறை மன்றோ காலத்திலேயே கொங்கு மண்ணில் வேரூன்றிவிட்டது. சர்வே நெம்பர், சிட்டா, யார் என்ன பயிர் வைத்தார் என்று சொல்லும் அடங்கல் எல்லாம் இருக்கிறது. தப்புகள் இருந்தாலும் சண்டை போட ஒரு காகிதம் இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் பெரும்பாலான நிலத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் சாட்சி வைத்த வழக்கமுறைப் பத்திரம்தான், அதுவும் இல்லாமல் வாய்ச்சொல்லாக இருந்ததும் நிறைய. தாவூத் 1975-ல் 100 ஜெரிப் உச்சவரம்பு என்று சட்டம் போட்டும் பெரிதாக நகராததற்கு இதுவும் ஒரு காரணம். புது அரசு காத்திருக்கவில்லை. கணக்கெடுப்பும் பறிமுதலும் பட்டா வழங்கலும் ஒரே சமயத்தில். நகரத்திலிருந்து வந்த கட்சி இளைஞர்கள் சில நாளில் ஊரை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்கள்.

அடுத்ததுதான் என்னை மிகவும் வாட்டுவது: பருவம். வேலை தொடங்கியது 1979 ஜனவரியில். நடு வருசத்தில் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அங்கே பாசனக் கோதுமை இலையுதிர் காலத்தில் விதைத்து, பனிக்கு அடியில் கிடந்து, கோடை தொடக்கத்தில் அறுவடைக்கு வரும். அதாவது பயிர் பூமியில் நிற்கும்போதே பூமி கை மாறியது. விதை போட்டவன் ஒருத்தன், பட்டா இன்னொருத்தன் கையில். அறுப்பது யார்? கடலைக்காட்டில் பூ இறங்குகிற நேரத்தில் காட்டை வேறொருவர் பெயருக்கு எழுதினால் இங்கே என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காரீஸ் தூர் எடுக்க யாரைக் கூப்பிடுவது என்று மிராப்புக்கும் தெரியாது, பழைய பங்குக்காரர்கள் ஜெயிலில் அல்லது மலையில் அல்லது எல்லை தாண்டி. 5 ஜெரிப் வாங்கியவனிடம் மாடு இல்லை, விதை இல்லை, தண்ணி முறை இல்லை. இரண்டரை ஏக்கருக்குச் சொந்தக்காரன், ஐந்து குவியலில் இரண்டை மட்டும் கையில் வைத்திருப்பவன். மீதி மூன்றுக்கும் அவன் போக வேண்டியது யாரிடமிருந்து நிலத்தைப் பிடுங்கினார்களோ அதே வீட்டுக்கு.

முல்லா எங்கே வருகிறார்

மதம் இங்கேதான் உள்ளே வருகிறது, வாசற்படி வழியாக. கிராமத்து முல்லா தொழுகை நடத்துபவர் மட்டும் என்று நினைத்தால் பாதி ஆளைத்தான் பார்க்கிறோம். பத்திரத்துக்குச் சாட்சி அவர். சொத்தைப் பங்கு பிரிக்க மார்க்கச் சட்டம் சொல்வதும் அவர். கல்யாண ஒப்பந்தம் எழுதுவதும் அவர். களத்தில் அவருக்கும் ஒரு அளவை உண்டு. கர்ணமும் பூசாரியும் ஒரே ஆளாக இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. தமிழ்நாட்டில் 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒரே வீச்சில் ஒழித்தது. புலம்பல் கேட்டது, வழக்குப் போனது, அவ்வளவோடு நின்றது. அவர்கள் கையிலிருந்த கணக்குப் புத்தகம் அரசாங்கத்துடையது என்பதால் அதை வாங்கி இன்னொருவர் கையில் கொடுக்க முடிந்தது. முல்லாவின் புத்தகத்தை அப்படி வாங்க முடியாது.

அவர் சொன்னது எளிமையான வாக்கியம்: பிறர் சொத்தைப் பறித்து வாங்குவது ஹராம். இதைக் கேட்டுப் பட்டா வாங்க மறுத்த ஏழைகளும் இருந்தார்கள். மூட நம்பிக்கை என்று காபூல் இதைத் தள்ளியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஏழையின் கணக்கு அவனளவில் தெளிவாக இருக்கிறது. கட்சிக்காரன் நாளைக்குப் போய்விடுவான். தண்ணியும் விதையும் மாடும் தருகிறவன் இங்கேயே இருப்பான். இதை வெளியே சொன்னால் கோழை என்பார்கள், ஹராம் என்று சொன்னால் மானத்தோடு மறுக்கலாம். அவனுடைய பக்தி பொய் என்று சொல்ல வரவில்லை. பக்தியும் பயிர்க் கணக்கும் ஒரே பக்கம் சாய்ந்தன என்கிறேன். 7-ஆம் ஆணையும், பெண்களை வகுப்புக்கு வற்புறுத்தி அழைத்த எழுத்தறிவு இயக்கமும் அதன் மேல் விழுந்தன. அக்டோபரில் கொடியையும் சிவப்பாக மாற்றியிருந்தார்கள்.

நிலம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஊர்ப் பெரியவர்களையும் முல்லாக்களையும் ராத்திரியோடு ராத்திரியாகப் பிடித்துக்கொண்டு போனதுதான் பல ஊர்களில் உடனடிப் பொறி. 1978, 1979-ல் அப்படிக் கொல்லப்பட்ட ஏறக்குறைய 5,000 பேரின் பட்டியலை 2013-ல் நெதர்லாந்து அரசு வழக்கறிஞர்கள் வெளியிட்டார்கள். முப்பது வருசத்துக்கும் மேலாக அப்பா எங்கே என்று தெரியாமல் காத்திருந்த குடும்பங்கள் அதில் பெயர் தேடின.

எத்தனை தொழிலாளிகள்?

1979 மார்ச் நடுவில் ஹெராத் நகரம் எழுந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தார்கள். அடக்க அனுப்பிய 17-ஆம் டிவிஷன் படையே கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டது. அடுத்த இரண்டு மூன்று நாளில் தராக்கிக்கும் சோவியத் பிரதமர் கொசிகினுக்கும் இடையே நடந்த தொலைபேசி உரையாடலின் எழுத்துப்படி பின்னாளில் மாஸ்கோ ஆவணங்களிலிருந்து வெளியே வந்தது. நாற்பது வருசப் போரை ஒரு இடத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் நான் கையை வைப்பது அங்கேதான்.

தராக்கி படை கேட்கிறார். கொசிகின் பதிலுக்கு ஒரு பழைய தொழிற்சங்கக்காரர் கேட்கிற கேள்விகளைக் கேட்கிறார். தொழிலாளிகள், நகர மக்கள், அலுவலகக்காரர்கள் உங்கள் பக்கம் இருக்கிறார்களா? ஹெராத்தில் மக்கள் எத்தனை பேர்? இரண்டு, இரண்டரை லட்சம் என்கிறார் தராக்கி. தொழிலாளிகள் எத்தனை பேர்? மிகக் குறைவு, மொத்தமே ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம். சோவியத்தில் நூற்றுக்கணக்கில் உங்கள் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தோமே, அவர்கள் எங்கே? பெரும்பாலும் மதப் பிற்போக்காளர்களாகிவிட்டார்கள் என்று பதில். உஸ்பெக், தாஜிக், துர்க்மென் வீரர்களுக்கு ஆப்கன் சீருடை மாட்டி டாங்கிகளில் அனுப்புங்கள், யாருக்கும் தெரியாது என்று தராக்கி கெஞ்சுகிறார். இதை மறைக்கவே முடியாது என்கிறார் கொசிகின்.

ஆயிரம், இரண்டாயிரம். கோவையில் ஒரு பெரிய பஞ்சாலையின் மூன்று ஷிப்டையும் சேர்த்தால் வருகிற எண்ணிக்கை அது. இங்கே செங்கொடி மில் வாசலில் பிறந்தது. சின்னியம்பாளையத்துத் தொழிலாளிகள் நான்கு பேர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலேறிய பிறகும் அது சாயாமல் நின்றதற்குக் காரணம், பின்னால் நிற்க லைன் வீடுகளும் சங்கச் சந்தாவும், அவர்களை மகன் என்று சொல்லிக்கொண்ட தெருக்களும் இருந்தன. ஹெராத்தில் கட்சிக்கு அப்படி ஒரு தெரு இல்லை. கொசிகினுக்கு இது அந்தத் தொலைபேசியிலேயே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். சோவியத் கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோ அந்த வாரம் கூடியபோதும் உளவுத்துறைத் தலைவர் ஆந்த்ரோபோவ், இந்தப் புரட்சியை நம் துப்பாக்கி முனையில்தான் தாங்கிப் பிடிக்க முடியும், அது நமக்கு ஆகாது என்றே வாதிட்டார். ஒன்பது மாதம் கழித்து, டிசம்பர் 12 அன்று, அதே பொலிட்பீரோ படை அனுப்ப முடிவெடுத்தது. அதற்குள் தராக்கியை அமீன் ஆட்கள் கொன்றிருந்தார்கள், டிசம்பர் 27-ல் அமீனைச் சோவியத் படை கொன்றது. 1989 பிப்ரவரி 15 அன்று கடைசி வண்டி பாலத்தைத் தாண்டித் திரும்பியபோது சோவியத் தரப்பில் மட்டும் சாவு 15,000-ஐத் தொட்டிருந்தது. ஆப்கன் தரப்புச் சாவுக்குத் துல்லியமான கணக்கே இல்லை. ஐம்பது லட்சத்துக்கு மேல் அகதிகள்.

வாளையாறுக்கு அந்தப்பக்கம்

1979 ஏப்ரலில், குனார் மாகாணத்தில் ஒரு கிராமத்து ஆண்களை அரசுப் படை நிறுத்திவைத்துச் சுட்டுக் கொன்றது. நூற்றுக்கணக்கில். அந்த ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நம் பக்கத்து மாநிலத்தின் பெயரேதான், எழுத்துக்கு எழுத்து. இதைப் படித்த நாளிலிருந்து இரண்டு கேரளங்களையும் சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப்பக்கம் 1957 ஏப்ரல் 5 அன்று ஈ.எம்.எஸ். அரசு பதவியேற்றது. ஒரு வாரத்துக்குள் அவர்கள் போட்ட முதல் உத்தரவு நிலத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. குத்தகைதாரரை யாரும் வெளியேற்றக் கூடாது என்றது, அவ்வளவுதான். யார் எங்கே உழுதுகொண்டிருக்கிறாரோ அங்கேயே இருக்கட்டும், பிறகு பேசலாம். மதம் அங்கேயும் எழுந்தது. கல்விச் சட்டத்தால் கத்தோலிக்கச் சபையும், நிலச் சட்டத்தால் நாயர் சங்கமும், கூடவே முஸ்லிம் லீக்கும் தெருவுக்கு வந்தார்கள். அங்கமாலியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1959 ஜூலை 31 அன்று டெல்லி ஆட்சியைக் கலைத்தது, அது தவறு என்பது என் கருத்து. ஆனால் கலைத்த பிறகு தேர்தல் வந்தது, கோர்ட் வந்தது. சட்டம் ரத்தாகி, மறுபடி எழுதி, 1963-ல் ஒன்று, 1969-ல் திருத்தம், கடைசியில் 1970 ஜனவரி 1 அன்று அச்சுத மேனன் காலத்தில்தான் குத்தகைமுறை ஒழிந்தது. பதின்மூன்று வருசம். இந்தத் தாமதத்தைச் சாபம் என்பவர்கள் உண்டு. அந்தப் பதின்மூன்று வருசத்தில் பதிவு நடந்தது, தீர்ப்பாயங்கள் வந்தன, எதிர்த்தவர்கள் எதிர்த்துக் களைத்தார்கள்.

முக்கியமான விசயம், அங்கே நிலம் போனது ஏற்கெனவே அதை உழுதுகொண்டிருந்தவர் கைக்கு. மாடு அவருடையது, விதை அவருடையது, தண்ணி ஏற்கெனவே அந்த வயலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. மாறியது பாட்டம், அதாவது குத்தகை, கட்டுவது நின்றது மட்டும். களத்தில் ஒரு குவியல் இடம் மாறியது, மற்றவை அசையவில்லை. அதனால் பயிர் நிற்கவில்லை. இதிலேயே அந்தச் சட்டத்தின் அநியாயமும் இருக்கிறது. உழைப்பை மட்டும் கொண்டிருந்த தலித் கூலிக்காரருக்கு வயல் கிடைக்கவில்லை. குடிகிடப்பு உரிமை என்று வீட்டு மனை கிடைத்தது: பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகரில் 3. அட்டப்பாடியில் ஆதிவாசிகள் இருந்த நிலத்தையும் இழந்தார்கள், அங்கே போய்க் காடு திருத்திக் குடியேறியவர்களில் நம் கொங்குப் பக்கத்துக்காரர்களும் இருந்தார்கள். இதைச் சொல்லாமல் கேரளத்தைப் புகழ்ந்தால் யோக்கியமாக இருக்காது.

ஈரானும் இதே கதையை வேறு ஆளை வைத்துச் சொல்கிறது. அங்கே 1962-ல் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்தது கம்யூனிஸ்ட்டுகளுக்குப் பயந்த ஷா. பயிர் வைக்கும் உரிமை இருந்தவர்களுக்கு நிலம் வந்தது, அந்த உரிமையே இல்லாத கூலிக் குடும்பங்களுக்கு ஒன்றுமில்லை. தண்ணியைச் சுற்றி ஒன்றாக உழுதுகொண்டிருந்த போனெ என்கிற உழவுக் கூட்டுகள் உடைந்தன. துண்டு துண்டான நிலத்துக்குப் பழைய சுரங்கக் கால்வாய் ஒத்துவரவில்லை, வசதியுள்ளவர்கள் ஆழ்துளை இறக்கினார்கள், கால்வாய் வறண்டது. கிராமத்தில் பிழைப்பற்றவர்கள் தெஹ்ரானின் ஓரங்களில் போய்க் குவிந்தார்கள். 1963 ஜூனில் மதத் தலைவர் கொமெய்னியைக் கைது செய்தபோது எழுந்த கூட்டத்தைச் சுட்டு அடக்க முடிந்தது. 1979-ல் முடியவில்லை. ஹெராத் எழுந்ததும் அதே வருசம், எல்லைக்கு இந்தப்பக்கம்.

கீழ்பவானி மதகு

நம் பக்கத்தில் நிலத்தின் பெயரால் உள்நாட்டுப் போர் வரவில்லை, தண்ணியின் பெயரால் ரத்தம் சிந்தியிருக்கிறது. பம்புசெட் மின் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். கட்டணம் பைசாக் கணக்கில்தான் ஏறியது. ஆனால் தோட்டத்தைத் தோட்டமாக வைத்திருந்தது அந்தப் பைசா. கீழ்பவானி வாய்க்காலில் 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு. அத்தனைக்கும் ஒரே நேரத்தில் விடத் தண்ணி இல்லை என்று ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு எனப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்டில் நஞ்சைக்கு, அடுத்த பாதிக்கு அதன் பின் புஞ்சைக்கு, மறு வருசம் முறை மாற்றி விடுகிறார்கள். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா என்ற சண்டையில் உறவுக்காரர்களே எதிரெதிர்ப் பந்தலில் உட்கார்ந்தார்கள். கடைமடைக்குத் தண்ணி சேரவில்லை என்பது ஒரு தரப்பின் நியாயம். கசிவு நின்றால் எங்கள் கிணறு வற்றும் என்பது இன்னொரு தரப்பின் நியாயம். காகிதத்தில் பங்கே இல்லாத அந்தக் கசிவை நம்பி ஆயிரக்கணக்கான தோட்டங்கள் இருக்கின்றன. வெளியூரிலிருந்து கொள்கையோடு வரும் ஒருவருக்கு இதை விளக்கவே ஒரு பருவம் வேண்டும். இதே ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்தில் உழைத்த அருந்ததியர் வீடுகளுக்கு ஒற்றைப்படையும் இல்லை, இரட்டைப்படையும் இல்லை. அந்த ஐந்தாவது குவியலின் கணக்கை எங்கள் பக்கம் இன்னும் யாரும் நேராக எடுக்கவில்லை.

காபூலில் ஆணைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. அமீனுக்குப் பின் சோவியத் உட்காரவைத்த கர்மல் 1981-ல் மதத் தலைவர்களுக்கு விலக்கு கொடுத்தார். கர்மலுக்கு அடுத்து வந்த நஜிபுல்லா காலத்தில், 1987-ல், உச்சவரம்பை 100 ஜெரிப்புக்கு உயர்த்தினார்கள், தாவூத் 1975-ல் வைத்திருந்த அதே எண். அப்போது அதைக் கேட்க ஊரில் ஆள் இல்லை, பாதிப் பேர் பெஷாவர் பக்கத்து முகாம்களில். ஆள் இறங்காத காரீஸ்கள் இடிந்து கிடந்தன. நஜிபுல்லாவும் போனார், முஜாகிதீன் வந்தார்கள், தாலிபான், பிறகு அமெரிக்கா. 2009-ல் அமெரிக்கா தாங்கிய அரசு எழுதிய தண்ணீர்ச் சட்டத்தில் ஒரு பழைய பெயர் இருக்கிறது: மிராப். ஹெராத் பக்கத்து வாய்க்கால்களில் அவருக்கு அறுவடைக் காலத்தில் கூலி கோதுமையாக அளந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.